கோட்டுப்பாறை

ஐந்தரைக்கு எழுந்தான். பல் விளக்கினான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து, நுனியைக் கத்தரித்து, பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். மனைவி நிர்மலா போன பிறகும் அரை லிட்டர்தான் வாங்குகிறான்; பாதியைக் கொட்டிவிடுகிறான். மோட்டார் போட்டான். குளியலறைக்குப் போனான். கதவின் நீலப் பெயிண்ட்டின் மேல், இடுப்புயரத்தில், சுண்ணாம்பில் இழுத்த ஒரு கோடு இருந்தது. ஒரு சாண் நீளம்.

நவநீதன் ஈரக்கையால் அதைத் துடைத்தான். நேற்றும் துடைத்திருந்தான்.

கைக்குப் பழகிய வேலைதான். மாரண்டஹள்ளிக்கு மேற்கே இருக்கும் சட்டிக்கரடு எப்போதோ செத்துப்போன எரிமலை. மூன்று பக்கம் செங்குத்துப் பாறை, ஒரு பக்கம் மட்டும் ஆடு போகும் தடம். உச்சியில் சட்டி மாதிரி வாய் பிளந்த பெரும்பள்ளம். அதற்குள் நின்று கூப்பிட்டால் குரல் சுவரோடு சுவராகச் சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியே வராது. செல்போனும் எடுக்காது. நிலம் அளக்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன்தான் முதலில் ஏறினான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். "அவனோட மூட்டையத் தூக்கிட்டு முன்னால போனவங்க ஏறுனது கணக்குல வராது போல," என்று நிர்மலா சிரிப்பாள். மூட்டை தூக்கியவர்களில் இரண்டு பேர் திரும்பவில்லை. வெள்ளைக்காரன் ஆள் எண்ணிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஊர் வைத்த வழக்கம் இது: ஏறுகிறவர் அடிவாரத்துக் கோட்டுப்பாறையில் ஆளுக்கொரு சுண்ணாம்புக் கோடு போடவேண்டும். இறங்கியதும் அவரவர் கோட்டை அவரவர் அழிக்கவேண்டும். பொழுது சாயும்போது டீக்கடைத் தங்கம்மாள் பாறையைப் பார்ப்பாள். கோடு மிச்சமிருந்தால் ஆட்கள் டார்ச் எடுத்துக்கொண்டு மேலே போவார்கள்.

போன மாசியில் இருவரும் இரண்டு கோடு போட்டுவிட்டு ஏறினார்கள். அம்மா வீட்டில் அவள் எத்தனை நாள் தங்குவது என்று உச்சியில் ஆரம்பித்த பேச்சு சண்டையில் முடிந்தது. அவன் மட்டும் இறங்கினான். கொட்டாங்குச்சித் தண்ணீரில் கையை நனைத்து, எப்போதும்போல இரண்டு கோட்டையும் ஒரே இழுப்பில் துடைத்தான். பழக்கம். கை தானாகச் செய்தது. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொள்கிறான்.

அவள் பின்னாலேயே இறங்கி அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறியிருப்பாள் என்று இருந்துவிட்டான். மறுநாள் சாயங்காலம் மாமியார் போன் செய்து அவளைக் கேட்டார்.

மூன்றாம் நாள் பள்ளத்துக்குள் கிடைத்தாள். கால் முறிந்திருந்தது. முதல் ராத்திரி முழுக்க உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். கைக்கெட்டிய பாறையில் கல்லால் கிழித்த ஒரு கோடு. ஒரே கோடு, அதன் மேலேயே மறுபடி மறுபடி. விரல் நுழையும் ஆழம். ஒரு ராத்திரியில் யாராலும் கிழிக்க முடியாத ஆழம்.

அவள் கோடே போடவில்லை என்று நவநீதன் எல்லோரிடமும் சொன்னான்.

பால் பொங்கியது. அடுப்பை அணைத்தான். போன் அடித்தது. தங்கம்மாள்.

"சார், அன்னிக்குக் காலையில ரெண்டு கோடு இருந்துச்சுங்க. என் கண்ணால பாத்தனுங்க."

"ஒன்னுதாங்க்கா."

"ரெண்டு பேரு ஏற ஒரு கோடுதான் இருந்ததக்கூடக் கவனிக்கல, எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு ஊரே சொல்லுதுங்க. ஒரு புள்ளையக் கொன்னவளுன்னு கடைக்கு ஒருத்தரும் வர்றதில்ல. நெஞ்சுல கைய வெச்சு ஒரே ஒரு வாட்டி சொல்லிருங்க சார். நான் செத்தாலும் நிம்மதியா சாவேன்."

அவன் கை நெஞ்சுக்குப் போகவில்லை.

"ஒன்னுதான்."

"செரிங்க. பின்னால யாருங்க சார் பேசறது?"

போனை அணைத்தான்.

சமையலறையில் போதைப்புல் வாசனை அடித்தது. சட்டிக்கரட்டுப் பள்ளத்தில் ஆள் உயரம் வளர்ந்து கிடக்கும் கூரைப்புல். வெயிலில் காய்ந்த பாறையும் ஆட்டுப்புழுக்கையும் கலந்த வாசனை. ஜன்னலுக்கு வெளியே விடிந்துவிட்டிருந்தது, யாருடைய வண்டியோ தெருமுனையில் ஹாரன் அடித்தது, ஆனாலும் அந்தச் சத்தமெல்லாம் ஏதோ உயரமான விளிம்புக்கு அப்பாலிருந்து வருவதுபோல இருந்தது. சுவரோரம் ஏதோ முனகல். ஃபிரிட்ஜ் பக்கம் போயிற்று. அலமாரி. ஜன்னல். கதவு. திரும்ப ஃபிரிட்ஜ்.

சுற்றிக்கொண்டிருந்தது.

ஃபிரிட்ஜில் ஒரு கோடு. துடைத்தான். அலமாரியில். துடைத்தான். பால் ஆடையின் நடுவே மெல்லப் பிளந்துகொண்டு ஒரு கோடு. உள்ளங்கை வெளுத்திருந்தது. கழுவினான். போகவில்லை.

ஒவ்வொரு சுற்றுக்கும் குரல் கிட்டே வந்தது.

குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவன் துடைத்த இடத்தில் அதே கோடு. சுண்ணாம்பு இல்லை. மரத்தில் வெட்டியது. விரல் நுழையும் ஆழம். அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நிதானமாக. மரத்தூள் அவன் பாதத்தில் உதிர்ந்தது.

பிளவு திறந்தது. நகமில்லாத ஒரு விரல் வெளியே வந்தது.

இத்தனை மாதம் பள்ளத்துக்குள்ளேயே சுற்றிக் களைத்த குரலும் வந்து சேர்ந்தது. அன்று அவன் திரும்பிப் பார்க்காமல் இறங்கத் தொடங்கியபோது, முதுகுக்குப் பின்னால், கோபமே இல்லாமல் அவள் சொன்னது. அவன் நன்றாகக் கேட்டது.

"போறதுன்னா போங்க. என் கோட்ட மட்டும் அழிச்சிராதீங்க."