இறங்க வேண்டாத படகு

பாம்ம்ம்ம்!

கட்டிலே அதிர்ந்தது போலிருந்தது. அவள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். படகு ஹாரன்தான். ஆனால் ஹாரன் ஓய்ந்த பிறகும் அந்தச் சத்தத்தின் அடியில் வேறு ஏதோ ஒன்று, பலபேர் ஒரே மூச்சில் கத்தி நிறுத்தியது போன்ற ஒரு கரகரப்பு, ஹோட்டல் அறைக்குள் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது.

ஜன்னல் திரையை விலக்கினாள். காலை வெயில் கண்ணைக் குத்தியது. கீழே படகுத்துறையில் எல்லாப் படகுகளும் கட்டிய கயிற்றோடு சும்மா ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றிலும் ஆள் இல்லை. கடல் வெறிச்சென்று கிடந்தது.

"என்னங்க, ஹாரன் கேட்டுச்சா?"

கணவர் தலையணைக்குள்ளிருந்தே பதில் சொன்னார். "கனவு கண்டிருப்பே. நேத்தும் இப்படித்தான், வார்டு மணி அடிக்குதுன்னு எழுந்து செருப்பைத் தேடினே."

அவள் ஓர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். யாருக்குப் பகல் டூட்டி, யாருக்கு ராத்திரி டூட்டி, யாருக்கு லீவு இல்லை என்று தினமும் முடிவு செய்வது அவள் வேலை. யாருக்கு எதைக் கொடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தால் என்ன சமைப்பது, எந்த டாக்டரிடம் போவது, எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் அவள் தலையில்தான். கணவர் நல்லவர். கெட்ட வார்த்தை பேசாதவர். அவர் வாயிலிருந்து வருவது ஒன்றே ஒன்றுதான்: 'உன் இஷ்டம்.' வாழ்க்கையில் அவர் தானாகத் தேர்ந்தெடுத்தது அவளை மட்டும்தான். அதுவும் அவர் அம்மா சொல்லித்தான்.

இந்தத் தீவுக்கு வந்ததே ஓய்வெடுக்கத்தான். வந்தால் இங்கேயும் அதே கதை. துறையில் இறங்கினால் ஆளுக்கொரு டூர் விற்கிறான். முதல் நாள் அவள் பெரிய படகைச் சொன்னாள். மகளோடு சேர்த்து மூவரும் வாந்தி எடுத்தார்கள். "நீதானே சொன்னே," என்றார் கணவர். அடுத்த நாள் கண்ணாடித் தரை போட்ட படகு. கலங்கிய தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "நீதானே சொன்னே." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கொட்டாவி விட்டபடி சொன்னார்.

"அம்மா, இன்னைக்கு ஆமை டூர்," என்று மகள் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். கழுத்தோடு வெட்டிய முடி நாலா பக்கமும் நின்றது. மூன்றாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு வாண்டு என்றுதான் பெயர்.

"நீங்க ரெண்டு பேரும் கிளம்பி வாங்க. நான் முன்னாடி போறேன்."

சொன்னதுதான் தாமதம், வாண்டு ஓடிவந்து புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "போறேன்னு சொல்லாதே! போயிட்டு வர்றேன்னு சொல்லு."

ராத்திரி டூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நடக்கிற வழக்கு இது. அந்த வார்த்தை வராமல் பிடி தளராது.

"சரிடி என் தாயே. போயிட்டு வர்றேன். போதுமா?"

"ம். இப்ப போ."

துறையில் குடைகளின் கீழ் வரிசையாக மேஜைகள். 'அக்கா மூணு தீவு', 'மேடம் குகை', 'சாப்பாட்டோட சேர்த்து' என்று கூவல்கள் காதை அடைத்தன. ஒவ்வொருவனும் ஒரு படத்தை நீட்டினான். எல்லாப் படத்திலும் ஒரே நீலம். எதை எடுத்தாலும் சாயங்காலம் 'நீதானே சொன்னே' என்று முடியப்போகிற நீலம்.

வரிசை முடிந்த இடத்தில் குடை இல்லாத ஒரு மேஜை இருந்தது. பின்னால் இருந்தவர் கூவவில்லை, எழுந்திருக்கவில்லை. மேஜையில் படமும் இல்லை.

"ரொம்ப அலுத்துப்போயிருக்கீங்க போல," என்றார்.

யாரும் அவளிடம் அப்படிச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"உங்க டூர்ல என்னென்ன இடம்?"

"எந்த இடத்துலயும் இறங்க வேண்டாம், அக்கா. ஏற வேண்டாம், நடக்க வேண்டாம். எது வேணும்னு யாரும் கேக்க மாட்டாங்க. உட்கார்ந்தா போதும்."

அதற்குள் கணவரும் வாண்டுவும் வந்துவிட்டார்கள். வாண்டு ஆமைப் படம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவள் கணவரைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்களேன். ஒரே ஒரு தடவை."

"உன் இஷ்டம்மா," என்றார் அவர், செல்போனைப் பார்த்தபடி.

உள்ளுக்குள் ஏதோ ஒரு நூல் சத்தமில்லாமல் அறுந்தது.

"சரி. நீங்க ரெண்டு பேரும் ஆமை பாருங்க. நான் இதுல உட்கார்ந்துக்கறேன்."

"தனியாவா?"

"ஆமா. தனியா. நான் போறேன்."

படகுக்குள் செருப்புக் காலோடு ஏறக் கூடாதாம். துறை ஓரம் ஒரு கூடை இருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பலகையில் கால் வைத்தாள். பலகை சில்லென்றிருந்தது.

"அம்மா! போயிட்டு வர்றேன்னு சொல்லு!"

கேட்டது. திரும்பிச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையும் யாரோ தன்னிடம் கேட்கிற இன்னொரு வேலையாகப் பட்டது. திரும்பாமல் கையை மட்டும் தூக்கி ஆட்டினாள். என்ஜின் உறுமியது. கொஞ்சம் தள்ளிப் போனபின் பார்த்தபோது, வாண்டு கூடையிலிருந்து அவள் செருப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

முதலில் சுகமாக இருந்தது. நீளமான பெஞ்சில் ஏற்கெனவே பலர் லைஃப் ஜாக்கெட்டோடு சாய்ந்திருந்தார்கள். அவளும் ஒன்றை மாட்டிக்கொண்டாள். யாரும் 'எந்த ஊர்' என்று கேட்கவில்லை, ஜன்னலோரம் வேண்டுமா என்று கேட்கவில்லை, காற்று ஈரமும் உப்புமாக முகத்தைத் துடைத்துவிட்டுப் போக, என்ஜினின் ஒரே சீரான முனகல் முதுகுத்தண்டு வழியாக ஏறி, எத்தனையோ ராத்திரிகள் கண்விழித்த களைப்பை ஒவ்வொரு எலும்பிலிருந்தும் கரைத்து வெளியே எடுப்பது போல இருந்தது. பச்சைப் பச்சையாகத் தீவுகள் வந்தன, போயின. படகு எதையும் நெருங்கவில்லை.

பிறகு ஒரு பெரிய தீவின் பின்பக்கம் திரும்பியது. வெயில் மறைந்தது. நிழல் என்றால் சாதாரண நிழல் இல்லை. பல காலம் திறக்காத அறைக்குள் நுழைந்தது போல ஒரு குளிர், நனைந்த துணி மூட்டையைப் பிரித்தது போல ஒரு நாற்றம். பக்கத்திலிருந்த பெண்ணின் ஜாக்கெட்டை அப்போதுதான் கவனித்தாள். ஆரஞ்சு நிறம் முழுதும் போய், உப்புப் பூத்து வெள்ளையாகியிருந்தது. மடியில் ஒரு ஹோட்டல் சாவியை இறுகப் பிடித்திருந்தாள். சாவி துருப்பிடித்து உருத்தெரியாமல் இருந்தது. விரலும் சாவியும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை.

தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தாள். இல்லை. கண் திறந்தே இருந்தது.

எல்லோருக்கும் திறந்தே இருந்தது.

தீவைச் சுற்றிக்கொண்டு படகு மறுபடி வெயிலுக்கு வந்தது. எதிரே படகுத்துறை. அப்பாடா! அவள் கால்களை நகர்த்தி உட்கார்ந்தாள். வாண்டு அங்கேயே நின்றிருந்தாள். செருப்பு கையில் இருந்தது.

ஆனால் இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள்.

காலையில் கழுத்தளவு முடி. இப்போது தோளுக்குக் கீழே பின்னல் தொங்குகிறது. கவுன் வேறு. உயரமும் வேறு, அப்பாவின் தோளைத் தொடுகிறாள். அந்த அப்பாவின் தலையில் பாதி நரை. இருவரும் கடலைத்தான் பார்த்தார்கள். படகு இருக்கிற இடத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் பார்வை படகைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று.

படகு நிற்கவில்லை.

"நிறுத்துங்க! நான் இறங்கணும்!"

படகுக்காரர் திரும்பவில்லை. "இந்த டூர்ல இறங்கறது இல்லையே, அக்கா. முதல்லயே சொன்னாங்களே."

"அங்க என் பொண்ணு நிக்கிறா!"

"நிக்கத்தான் நிப்பாங்க." அவர் குரலில் கோபமோ கேலியோ இல்லை. அவரும் அலுத்துப்போனவர்தான். "கிளம்பும்போது அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

"போறேன்னு," என்றாள் அவள்.

"வர்றேன்னு சொன்னவங்களை எல்லாம் மத்த படகு கொண்டுபோய் விட்டுடும். போறேன்னு சொல்லிட்டு ஏறினவங்கதான் இதுல."

எழுந்து கடலில் குதித்துவிடலாம் என்று நினைத்தாள். ஜாக்கெட்டின் கொக்கியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. விரலில் உப்பு ஒட்டியது. கால்களை ஊன்றினாள். காலையில் அவ்வளவு சுகமாகக் கரைந்துபோனதே அந்தக் களைப்பு, அது எங்கும் போகவில்லை. முழங்காலுக்குக் கீழே ஈர மணலாக இறங்கி இறுகியிருந்தது.

மறுபடி தீவின் பின்பக்கம். குளிர். நாற்றம்.

மறுபடி வெயில். துறை.

புடவை கட்டிய ஒரு பெண். கையில் அந்தச் செருப்பு. பக்கத்தில் அப்பா இல்லை.

அவள் கத்தினாள். பெயர் சொல்லிக் கத்தினாள், வாண்டு என்று கத்தினாள். சத்தம் உதட்டைத் தாண்டவில்லை.

"தனியா கத்தினா கேக்காதுங்க," என்றாள் சாவிக்காரி. தலையைத் திருப்பாமல், வாயை மட்டும் அசைத்து. "யாராவது புதுசா ஏறப்போற அன்னைக்கு எல்லாரும் சேர்ந்து கத்துவோம். அது மட்டும் கொஞ்சம் வெளியே போகும். ஏறப்போறவங்களுக்கு மட்டும் கேக்கும்."

"கேட்டா?"

"உங்களுக்குக் காலையில கேட்கலையா?"

நிழல். குளிர். அவள் நடுங்கவில்லை. நடுங்கக்கூடத் தெம்பு இல்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். அந்தக் குழந்தை 'போறேன்' என்று மட்டும் சொல்லாது. ஊரே சொன்னாலும் அது சொல்லாது. தலைப்பைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைத் திருத்துகிற குழந்தை அது.

வெயில்.

என்ஜின் தணிந்தது. முதல்முறையாகத் தணிந்தது.

சாவிக்காரி மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம்.

"இப்போ," என்றாள்.

எல்லா வாய்களும் திறந்தன. அவளும் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து, வராதே என்று கத்தினாள்.

பாம்ம்ம்ம்!

துறையில் குடை இல்லாத மேஜை முன்னால் நின்றவள் சட்டென்று காதைப் பொத்தினாள். நடுத்தர வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம். தொங்கிய தோள்கள். அந்தத் தோள்கள் படகிலிருப்பவளுடையவை, அவள் கண்ணாடியில் தினமும் பார்த்தவை. கையில் தேய்ந்து வெளுத்த ஒரு ஜோடிச் செருப்பு.

"மறுபடியும் அந்தச் சத்தம். காலையிலயும் கேட்டுச்சு," என்றாள் அவள்.

பக்கத்தில் நின்ற அவள் கணவன் பெருமூச்சு விட்டான். "உனக்கு மட்டும் கேக்கும். லீவு விட்டா இந்தத் துறையை விட்டா உனக்கு வேற ஊரே கிடையாதா? உங்கம்மா வர்றதா இருந்தா எப்பவோ வந்திருக்க மாட்டாங்களா? சரி, இன்னைக்கு எந்தப் படகுன்னாவது சொல்லு."

"நீங்களே சொல்லுங்களேன்."

"உன் இஷ்டம்."

மேஜைக்காரர் பரிவோடு ஏதோ சொன்னார். அந்தப் பெண்ணின் கண்ணில் நீர் முட்டியது. ஒரு சின்னப் பையன் அவள் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். அவள் குனிந்து, இத்தனை வருஷம் சுமந்த அந்தப் பழைய செருப்பைக் கூடையில் வைத்தாள். பிறகு தன் செருப்பையும் கழற்றினாள்.

படகுக்காரர் பலகையை நீட்டினார்.

வாண்டு. சொல்லுடி. போயிட்டு வர்றேன்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டு எங்கே வேணும்னாலும் போ.

அவள் பையனின் விரல்களைத் தலைப்பிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள். ரொம்ப மெதுவாக. ரொம்பக் களைப்பாக.

"இனிமே உங்க யாரையும் இங்க கூட்டிட்டு வரமாட்டேன், போதுமா? விடுடா கண்ணா. நான் போறேன்."