பந்தய வீரருக்குப் பேச்சு வந்த கதை

டாம்சின் பென்ஃபோல்டின் அப்பா மணிக்கு இருநூறு மைல் வேகத்தில் கார் ஓட்டியவர். ஆனால் மணிக்கு இரண்டு வார்த்தைதான் பேசுவார்.

அது அவருடைய குற்றம் இல்லை. பதினொரு வருடங்கள் அவர் பந்தயக் கார் ஓட்டினார். ஓட்டும்போது தலைக்கவசத்துக்குள் இருக்கும் குட்டி மைக்கில்தான் பேச வேண்டும். அதில் கதை அளக்க முடியாது. “டயர் போச்சு.” “மழை.” “சரி.” அவ்வளவுதான்.

வீட்டிலும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. இறைச்சி வடை எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டால், “சூடு” என்பார். டாம்சின் பிறந்தபோது அவளைக் கையில் வாங்கிப் பார்த்து அவர் சொன்னது ஒரே வார்த்தை: “சின்னது.”

“அதைச் சொல்லிட்டு அரை மணி நேரம் அழுதார்” என்று அம்மா சொல்வாள். “அழுகைக்கு மட்டும் வார்த்தை தேவைப்படலை.”

போன குளிர்காலத்தில் அப்பாவின் கணுக்கால் இரண்டாவது முறையாக உடைந்தது. இனிமேல் பந்தயம் வேண்டாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா “சரி” என்றார். பிறகு தோட்டத்துக் கொட்டகையைச் சுத்தம் செய்தார். அடுத்த வாரம் அதே கொட்டகையை மறுபடி சுத்தம் செய்தார். மூன்றாவது முறை அவர் துடைப்பத்தை எடுத்தபோது டாம்சின் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். அதில் பெருக்க எதுவுமே இல்லை.

அப்போதுதான் தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்தது. பந்தயங்களை நேரடியாகக் காட்டும்போது, மூத்த வர்ணனையாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல ஓர் ஓட்டுநர் வேண்டுமாம்.

“சரி” என்றார் அப்பா. அன்று மாலை சமையலறையில் அவர் சீட்டியடிப்பதை டாம்சின் கேட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு!

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் பிரிஜெட் ஓக்லி, ஒத்திகை பார்க்க வீட்டுக்கே வந்தார். மடிக்கணினியில் ஒரு பழைய பந்தயத்தைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டார். அப்பா முன்னால் மைக்கை வைத்தார். டாம்சினும் அம்மாவும் சோபாவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“கிளம்பிட்டாங்க” என்றார் அப்பா.

சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது. பூனை கொட்டாவி விட்டது.

“போறாங்க” என்றார் அப்பா.

திரையில் இரண்டு கார்கள் மோதின. ஒன்று அப்படியே எகிறி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, மணலில் போய்த் தலைகீழாக விழுந்தது. நல்லவேளை, ஓட்டுநர் வெளியே வந்து கையசைத்தார்.

“ம்” என்றார் அப்பா.

பிரிஜெட் படத்தை நிறுத்தினார். “டெஸ்மண்ட், இப்ப ஒரு கார் பறந்துச்சு.”

“பார்த்தேன்.”

“அதைப் பத்தி ஜனங்களுக்கு ஏதாவது சொல்லலாமே?”

“அவங்களும் பார்த்திருப்பாங்களே.”

அம்மா சோபாத் தலையணையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

பிரிஜெட் நல்ல மனுஷி. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அடுத்த ஞாயித்துக்கிழமை நேரடி ஒளிபரப்பு இருக்கு. முதல் பத்து நிமிஷம் பார்ப்பேன். சரியா வரலைன்னா லையனல் ஸ்போஃபர்த்தைத்தான் கூப்பிடணும். அந்த ஆள் தூக்கத்துலகூடப் பேசுவார். என்னை மன்னிச்சிடுங்க.”

அவர் போனதும் அப்பா எழுந்து கொட்டகைப் பக்கம் போனார்.

டாம்சினுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு கட்டு மஞ்சள் ஒட்டுத்தாளை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல வார்த்தை எழுதினாள். ‘அற்புதம்’, ‘மயிர்க்கூச்செறிகிறது’, ‘என்ன ஒரு வேகம்’, ‘நம்பவே முடியவில்லை’. எல்லாவற்றையும் தொலைக்காட்சியைச் சுற்றி ஒட்டினாள். தாள் போதாததால், குளிர்பெட்டிக் கதவில் இருந்த சில தாள்களையும் பிய்த்து வந்தாள். அவற்றின் பின்பக்கத்தில் எழுதினாள்.

“அப்பா, வார்த்தை கிடைக்கலைன்னா இதைப் பார்த்துப் படிங்க. ரொம்ப சுலபம்.”

அப்பா தலையாட்டினார். தொலைக்காட்சியில் ஒரு பழைய பந்தயம் தொடங்கியது.

“கிளம்பிட்டாங்க” என்றார். கண்கள் தாள்களைத் தேடின. “அற்புதம்! என்ன ஒரு வேகம்! இதோ நாலாவது வளைவு! நம்பவே முடியவில்லை! வெங்காயம் ரெண்டு கிலோ!”

“அப்பா, அது...”

“மயிர்க்கூச்செறிகிறது! பாத்திரம் கழுவுற சோப்பு! பூனைக்குப் பூச்சி மருந்து!”

கடைச் சாமான் பட்டியல் எழுதியிருந்த சில தாள்களை டாம்சின் திருப்பி ஒட்டிவிட்டிருந்தாள். அம்மா இந்த முறை தலையணையைத் தேடவில்லை. தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். ஆனால் அது பேச்சு ஆகவில்லை.

சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் கோடைத் திருவிழா. கேக் கடை, வளையம் எறிதல், வேடிக்கைக்காக ஆசிரியர் மேல் ஈரத் துணி எறிதல் எல்லாம் இருந்தன. ஆனால் முக்கியமான நிகழ்ச்சி நத்தைப் பந்தயம்தான். பெரிய வட்ட மேசையில் ஈரத் துணி விரித்து, நடுவில் ஒரு சிறிய சிவப்பு வட்டம் வரைந்திருப்பார்கள். அதற்குள்ளிருந்து கிளம்பும் நத்தைகளில் எது முதலில் ஓரத்தைத் தொடுகிறதோ, அதற்கே கோப்பை.

டாம்சினின் நத்தைக்கு எண் மூன்று. பெயர் பிளம்.

ஒவ்வொரு வருடமும் இறைச்சிக் கடைக்காரர் வாட்லிங்தான் மைக்கைப் பிடித்துப் பந்தயத்தை அறிவிப்பார். இந்த வருடம் அவருக்கு ஜலதோஷம். வாயைத் திறந்தார், கீல் துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

தலைமையாசிரியை பிளாக்கெட் சுற்றுமுற்றும் பார்த்தார். “டாம்சின், உங்க அப்பா எங்கே? அவருக்குத்தானே டி.வி.யில வேலை கிடைச்சிருக்கு!”

அப்பா கேக் கடைக்குப் பின்னால் குனிந்து நின்றிருந்தார். நல்ல உயரமான மனிதர். உடம்பில் பாதிதான் மறைந்திருந்தது.

“அப்பா...”

“முடியாது.”

டாம்சின் அவரை வற்புறுத்தவில்லை. அப்போதுதான் யாரோ விசும்பும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

கூட்டத்துக்கு வெளியே, ஒரு மடக்கு நாற்காலியில், முதல் வகுப்பு ஓட்டிஸ் உட்கார்ந்திருந்தான். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் சுவர் மாதிரி நின்றார்கள். அவனுக்கு முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன.

“என்னோட நத்தை ஓடப் போகுது” என்று ஓட்டிஸ் அழுதான். “ஏழாம் நம்பர். பேரு இடி. எனக்கு எதுவுமே தெரியலை!”

டாம்சின் அப்பாவின் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். “அப்பா, இவனுக்குப் பார்க்க முடியலை. நீங்க உயரமா இருக்கீங்க. இடி என்ன பண்ணுதுன்னு இவனுக்கு மட்டும் சொல்றீங்களா? மைக் வேண்டாம்.”

அப்பா மாவுக்கட்டைப் பார்த்தார். “எந்த வளைவுல?”

“குதிச்சு விளையாடுற டிராம்போலின்ல” என்றான் ஓட்டிஸ்.

“மோசமான இடம்” என்று அப்பா வருத்தத்தோடு தலையசைத்தார். “எனக்கும் இதே கால்தான்.”

“தயாரா... மெதுவா... ஊர்ந்து போ!” என்று தலைமையாசிரியை கத்தினார்.

“கிளம்பிட்டாங்க” என்றார் அப்பா.

“இடி எங்கே?”

“நிக்குது.”

“ஏன் நிக்குது?”

அப்பா எட்டிப் பார்த்தார். “அந்தப் பக்கம் துணி காஞ்சிருக்கு. காஞ்ச இடத்துல நத்தைக்குப் பிடிப்பு வராது. அதுவா ஈரம் விட்டுக்கிட்டுதான் நகரணும். அவசரப்படலை பாரு, அது புத்திசாலி.”

“மத்ததெல்லாம்?”

“அஞ்சாம் நம்பர் வேகமா கிளம்புச்சு. ஆனா தப்பான திசையில போகுது. ரெண்டாம் நம்பர் ஒன்பதாம் நம்பர் மேல ஏறிக்கிச்சு. சும்மா சவாரி பண்ணுது! இதெல்லாம் விதியில இருக்கான்னு தெரியலை. எனக்கு இப்படி ஒரு தடவை நடந்திருக்கு. ஆனா அவன் என் மேல ஏறினப்போ எனக்குச் சிரிப்பு வரலை.”

ஓட்டிஸ் சிரித்தான். முன்னால் நின்ற ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்து அவளும் சிரித்தாள்.

டாம்சின் ஓடிப்போய் வாட்லிங்கிடமிருந்து மைக்கை வாங்கி வந்தாள். அப்பாவிடம் நீட்டிக் கேட்டாள்: “பின்னாடி இன்னும் நிறைய பேருக்குத் தெரியலையாம். நீங்க ஓட்டிஸுக்கே சொல்லுங்க. அவங்க ஒட்டுக்கேட்கட்டும். சரியா?”

அப்பா தயங்கினார்.

“இடி என்ன ஆச்சு? சொல்லுங்க அங்கிள்!” என்று ஓட்டிஸ் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

அப்பா மைக்கைப் பார்க்காமல் ஓட்டிஸைப் பார்த்தார். “இடி கிளம்பிடுச்சுடா! ஈரமான தடத்தைக் கண்டுபிடிச்சிடுச்சு. முன்னாடி போன மூணாம் நம்பரோட தடத்துலயே ஒட்டிக்கிட்டு வருது. அடேயப்பா, என்ன தந்திரம்! மூணாம் நம்பர் என் பொண்ணோடது, அதனால நான் யார் பக்கமும் பேச மாட்டேன். ஆனா பிளம், கண்ணு, கொஞ்சம் சீக்கிரம் போயேன்!”

மைதானம் முழுக்கச் சிரிப்பு. வளையம் எறிந்துகொண்டிருந்தவர்கள்கூட ஓடி வந்தார்கள்.

“இன்னும் ரெண்டு அங்குலம். பிளம் முன்னாடி... ஐயையோ! நிறுத்திடுச்சு! யாரோட சாண்ட்விச்லருந்தோ ஒரு கீரைத்துண்டு விழுந்திருக்கு. பந்தயத்துக்கு நடுவுல சாப்பிட உட்கார்ந்துடுச்சு! பதினொரு வருஷத்துல நான் எவ்வளவோ பார்த்திருக்கேன், ஜெயிக்கிற நேரத்துல சாப்பாட்டுக்கு நின்ன ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். இடி பக்கத்துல வருது. தாண்டுது. கொம்பு ஓரத்தைத் தொட்டுடுச்சு! ஓட்டிஸ், நீ ஜெயிச்சுட்டே!”

ஓட்டிஸ் மாவுக்கட்டை மறந்து எழுந்து நின்றுவிட்டான். அப்பா அவனைப் பிடித்துத் தோளில் தூக்கிக்கொண்டார். டாம்சின் தோற்றுப் போயிருந்தாள். ஆனால் யாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.

மறுநாள் ஞாயிறு. பந்தய மைதானத்தில், உயரத்தில் இருந்த கண்ணாடி அறையில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூத்த வர்ணனையாளர். சிறுவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. டாம்சின் கண்ணாடிக்கு வெளியே, அறைக்கு முன்னால் இருந்த மாடத்தில், காதில் பெரிய ஹெட்ஃபோனோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற பிரிஜெட்டின் ஒரு கையில் கடிகாரம், மறு கையில் தொலைபேசி.

கார்கள் உறுமிக்கொண்டு பாய்ந்தன. மூத்தவர் படபடவென்று பேசினார். பிறகு, “டெஸ், உங்களுக்கு என்ன தோணுது?” என்றார்.

“போறாங்க” என்றார் அப்பா.

மூன்று நிமிடம் ஆனது. ஐந்து நிமிடம் ஆனது.

“டெஸ், வெள்ளைக் கார் பத்தி?”

“வெள்ளை” என்றார் அப்பா. நெற்றி வியர்த்துக் கொட்டியது.

பிரிஜெட் பெருமூச்சு விட்டு, தொலைபேசியில் ஒரு எண்ணைத் தேடத் தொடங்கினார்.

டாம்சின் யோசித்தாள். இன்றைக்கு ஓட்டிஸ் இல்லை. அப்பா முன்னால் லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள். எல்லோராலும் பந்தயத்தைப் பார்க்க முடியும். பார்க்க முடியாத ஒருவர் வேண்டும்.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். அப்பா அவளைப் பார்த்தார். டாம்சின் தன் நாற்காலியைத் தூக்கி, பந்தயத்துக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டாள். இப்போது அவளுக்குத் தெரிந்தது அப்பாவின் முகம் மட்டும்தான். பிறகு அந்த முகத்தையும் விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

ஹெட்ஃபோனில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

“என் பொண்ணு கண்ணைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கா” என்றார் அப்பா. “அவளுக்கு எதுவும் தெரியலை. அவளுக்குச் சொல்றேன். டாம்சின், வெள்ளைக் கார் மூணாவதா வருது. இதோ, பெரிய வளைவு வரப்போகுது. அவன் கொஞ்சம் முன்னாடியே பிரேக் போடுறான். ஏன் தெரியுமா? பின் டயர் தேய்ஞ்சிடுச்சு. அப்படித் தேய்ஞ்சா வண்டி சோப்பு மேல நிக்கிற மாதிரி இருக்கும். இந்த வளைவுல பதினொரு வருஷமும் நான் பயந்தேன். ஒவ்வொரு சுத்துலயும் பயந்தேன். யார்கிட்டயும் சொன்னதில்லை. மைக்ல நேரம் இல்லை பாரு.”

டாம்சின் கண்களை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். விரல்கள் ஈரமாகிவிட்டன.

“பின்னாடி வர்ற பச்சைக் கார்க்காரனுக்கு இது தெரிஞ்சுபோச்சு. இப்ப உள்பக்கமா வருவான் பாரு. ஒண்ணு... ரெண்டு... வந்துட்டான்! இடிக்கப் போறான், இல்லை, இல்லை, நூல் அளவு இடைவெளி! தாண்டிட்டான்டா! டாம்சின், நீ பார்த்திருக்கணும்!”

“நான் பார்த்தேன்” என்று கண்களைத் திறக்காமலே டாம்சின் முணுமுணுத்தாள்.

பிரிஜெட் தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

பந்தயம் முடிந்து வெகு நேரம் ஆகியும் அப்பா அறையை விட்டு வரவில்லை. விளக்குகளை அணைக்க வந்த ஊழியருக்கு அவர் டயர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும்போது அம்மா கார் ஓட்டினாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அம்மா இடது பக்கம் திரும்புறாங்க” என்றார் அப்பா. “நல்ல திருப்பம். இப்ப கியர் மாத்துறாங்க. கொஞ்சம் தாமதம், பரவாயில்லை. எதிர்ல ஒரு டிராக்டர். அம்மா முகம் சுளிக்கிறாங்க...”

“டெஸ்” என்றாள் அம்மா.

“டிராக்டர் ஒதுங்குது! அம்மா வேகம் எடுக்கிறாங்க! ஆனா ஐயோ, மூணாவது கியரை விட்டுட்டாங்களே!”

“டெஸ், இன்னும் ஒரே ஒரு வார்த்தை பேசினா இறக்கி விட்டுடுவேன். நிஜமாத்தான் சொல்றேன்.”

அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் போனது. கன்னங்கள் உப்பின. காது சிவந்தது.

“அம்மா கோபமா இருக்காங்க, ஆனா ஸ்டியரிங்கை நல்லா பிடிச்சிருக்காங்க” என்றார் ஒரே மூச்சில்.

அம்மா வண்டியை நிறுத்தினாள். வீடு அங்கிருந்து கால் மைல்தான். அப்பா சிரித்துக்கொண்டே இறங்கினார்.

கார் நகர்ந்ததும் டாம்சின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அப்பா வேலியில் சாய்ந்து, கைகளை வீசி வீசி, வயலில் இருந்த செம்மறி ஆடுகளுக்குப் பச்சைக் கார் எப்படித் தாண்டியது என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஓர் ஆடுகூடப் புல் மேயவில்லை.