பச்சைத் தண்ணீர் லைன்

குழாயை இறுக மூடிய பிறகும் சுவருக்குள் ஏதோ மூன்று முறை தட்டியது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். முகத்தில் சோப்பு நுரையோடு பைப்பிங் என்ஜினியர் அப்படியே நின்றான். ஈரச் சிமெண்ட் வாசனை மூக்கில் ஏறியது. குழாயைப் பிடிக்கும் கிளாம்ப் கழன்றிருக்கும் என்றாள் மனைவி, கடைக்குக் கிளம்பியபடியே. அவளுக்கும் கேட்கிறதே என்று அவன் நுரையைத் துடைக்காமல் சுவரையே பார்த்தான்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடம். வெந்நீர்க் குழாய்களுக்கெல்லாம் எவ்வளவு விசை தாங்கும் என்று ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் கணக்குப் போட்டுப் பார்த்தவன், குளிர்நீர் லைனுக்குச் செய்யவில்லை. சூடாகி நீளாத குழாய்க்குக் கணக்கு எதற்கு என்று, பழைய வேலை ஒன்றின் கணக்குத் தாளில் தேதியை மாற்றிக் கையெழுத்துப் போட்டான். கீழ்த்தளத்திலிருந்து, குழாய் பொருத்தும் ஃபிட்டர் போனில் கூப்பிட்டார்.

"சார், மோட்டார் நிக்கிறப்பெல்லாம் தண்ணி திரும்பி அடிச்சு லைனே துள்ளுது. தாங்கிப் பிடிக்க இன்னொரு சப்போர்ட் வேணும் சார்."

"பச்சைத் தண்ணிதானேப்பா. என்ன பண்ணிடப் போகுது?"

மறுவாரம் குழாய் பிய்த்துக்கொண்டு அவர்மேலேயே விழுந்தது; அங்கேயே உயிர் போய்விட்டது. கிளாம்பைச் சரியாக முடுக்காத ஃபிட்டரின் தவறு என்று விசாரணையில் எழுதினார்கள். தான் கணக்குப் போடாததை இவன் மறைத்தான். "அவர் எந்த வேலையையும் அரைகுறையா விடமாட்டார் சார்" என்று அவருடைய மனைவி இவனிடமே வந்து சொன்னபோது, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

இப்போது மொட்டைமாடிக்குப் போய்த் தொட்டியின் வால்வை மூடினான். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்தான்.

வெறும் குழாய். தட்டியது.

குளியலறைக்குப் பின்னால், குழாய்கள் இறங்கும் சந்தின் தகரக் கதவில் காதை வைத்தான். உள்ளே இரும்பு முனகியது. அதற்கும் கீழே, பாரம் தூக்கியவன் விடுவதுபோல மூச்சு.

"நான்தான் கணக்குப் போடல," என்றான். "உங்க வீட்டம்மாகிட்ட போய் சொல்லிடறேன்."

சத்தம் நின்றது.

நெஞ்சு கொஞ்சம் இளகியது. கொக்கியை நீக்கினான். கதவு திறந்தது.

இருட்டு. தொய்ந்து கிடந்த குழாய். அதன் அடியில் இரண்டு கைகள். நகங்களில் சிமெண்ட். விரல்கள் குழாயைத் தாங்கிப் பிடித்திருந்தன. முழங்கைக்கு அப்பால் உடம்பில்லை.

ஒரு கை மெல்ல நகர்ந்து, அவன் பிடித்துக்கொள்ள இடம் விட்டது.