எலும்பு மட்டும் நன்றாக இருக்கிறது

துறைமுக வாசலில் எலும்பின் வலுவை அளக்கும் எலும்புமானியின் வளைவுக்குள் செல்வின் நுழைந்ததும் பச்சை விளக்கு எரிந்தது. அவனுடைய இடது கால் கட்டைவிரலில் மாதக்கணக்காக ஆறாத புண். செருப்பு முழுக்க ஈரம். முகம் ஊதிக் கன்னங்கள் மேலேறி, கண்கள் இரண்டும் உள்ளே போயிருந்தன. வளைவின் உச்சியிலிருந்து ஒரு பெண்குரல், "உடல் தகுதி முழுமை. இந்த நாள் நல்ல நாளாக அமையட்டும்" என்றது.

"தீயில போட உன் தகுதிய" என்றாள் பின்னால் நின்ற பிரகாசி. வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வளைவின் பக்கவாட்டிலிருந்த குழாய் செல்வினின் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை உதிர்த்தது. அவன் அதை வாயில் போட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினான். புன்னைத்துறைத் துறைமுகத்தில் அதற்குத் தெம்பு மாத்திரை என்று பெயர். வீரியமான ஸ்டீராய்டு. மூட்டு வலிக்காது, இடுப்பு பிடிக்காது, வீக்கம் தெரியாது. ஒரு ஷிப்ட் முடித்தவன் இன்னொரு ஷிப்டுக்கும் ஏறுவான். செல்வின் கப்பல் மேல்தளத்தில் கண்டெய்னர்களை இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுகிறவன். கனத்த வேலை. மாத்திரை இல்லாமல் அந்த வேலையைச் செய்த ஆட்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள் என்பதே இப்போது யாருக்கும் நம்பமுடியாத செய்தியாகிவிட்டது.

பிரகாசி அவன் மனைவி. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடி திரையைப் பார்த்துப் பெரிய கிரேன்களை இயக்குகிறவள். அவளும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவள்தான், ஆனால் தெம்புக்காக அல்ல. இருபத்திரண்டு வயதில் அவளுக்கு லூபஸ் வந்தது. உடம்பின் காவல் படையே உடம்பை எதிரி என்று நினைத்துத் தாக்கும் நோய். ஸ்டீராய்டு அவளுடைய சிறுநீரகத்தைக் காப்பாற்றியது. அதற்குக் கூலியாக எலும்பை எடுத்துக்கொண்டது.

எலும்பு என்பது ஓயாமல் இடித்து ஓயாமல் கட்டப்படுகிற வீடு. ஸ்டீராய்டு கொத்தனார்களை முடக்கிப்போடும். இடிக்கிறவர்களை ஒன்றும் செய்யாது. சில வருஷங்களில் வீடு சல்லடையாகிவிடும். பிரகாசிக்கு அது தெரிந்தது ஒரு காலை நேரத்தில், தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தபோது. முறுக்கு ஒடிகிற மாதிரி முதுகில் ஒரு சத்தம். முள்ளெலும்பு ஒன்று தானாகவே நசுங்கிவிட்டது. அடுத்த வருஷம் இன்னொன்று. முப்பது வயதில் அவள் கூன் விழுந்து, கதவுப் பிடிக்கு மேலே எதையும் எட்ட முடியாதவளாக ஆனாள்.

அப்போதுதான் டாக்டர் ரஹ்மத்துல்லா எலும்பு நெய்விகளைக் கண்டுபிடித்தார். கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு இயந்திரங்கள். ஊசி வழியாக ரத்தத்தில் இறங்கி, எலும்பு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்து, சுண்ணாம்புச் சத்தை இழை இழையாகப் பின்னும். முடங்கிய கொத்தனார்களின் வேலையை அவை பார்த்துக்கொண்டன. முதன்முதலில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பிரகாசியும் ஒருத்தி. நொறுங்கிய முள்ளெலும்புகளைச் சிறு பலூன் வைத்துத் தூக்கி நிமிர்த்தி, இடைவெளியை நெய்விகளுக்கு விட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் அவள் நிமிர்ந்து நின்றாள். மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர்களோடு சேர்ந்து தோள் கொடுத்தாள். அவள் அம்மா அதைப் பார்த்துத் தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது பிரகாசி சொன்னாள்: "எனக்கு இனி ஸ்டீராய்டைக் கண்டு பயமில்லை."

அந்த வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மருந்துக் கம்பெனிக்காரர்கள் அதை எடுத்துச் சுவர் சுவராக எழுதினார்கள், அவள் படத்தோடு. 'எனக்கு' என்ற சொல்லை மட்டும் வெட்டிவிட்டார்கள். இனி ஸ்டீராய்டைக் கண்டு பயமில்லை. நாடே அதைப் படித்தது. நோயாளிகள் ஒளித்து ஒளித்துச் சாப்பிட்ட மாத்திரையை நோயே இல்லாதவர்கள் கேட்டு வாங்கினார்கள். லாரி ஓட்டுகிறவர்கள், நூற்பாலைப் பெண்கள், கடைசியில் துறைமுகம். வேலைக்குச் சேரும்போதே நெய்வி ஊசி. வாசலில் தினமும் மாத்திரை. பக்க விளைவு உண்டா என்று யாராவது கேட்டால், எலும்புமானியைக் காட்டுவார்கள். எலும்பு பச்சை என்றால் ஆள் பச்சை.

கண்ணில் புரை விழுவதை எலும்புமானி பார்க்காது. சர்க்கரை ஏறுவதையும், தோல் காகிதமாவதையும், புண் ஆறாமல் அழுகுவதையும் பார்க்காது. பார்க்க வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பிரகாசி சொல்வாள்.

அன்று மதியம் செல்வின் இரண்டாவது ஷிப்டுக்கு ஏற மறுத்தான். கால் தரையில் ஊன்றவில்லை.

"எலும்பு பச்சை காட்டுதுல்லா? அப்புறம் காலுக்கு என்ன?" என்றார் மேற்பார்வையாளர்.

"எலும்பு நல்லாத்தான் சார் இருக்கு. அதைச் சுத்தி இருக்கிற மனுசந்தான் அழுகிட்டு இருக்கான்."

அதற்காக ஒரு வாரம் வேலை கிடையாது என்று வெளியே அனுப்பினார்கள். வாசல் இல்லை என்றால் மாத்திரையும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பிரகாசி தன் மருந்து டப்பாவைத் திறந்தாள்.

"இத தெனமும் காலையில போடுங்க. இத்தன வருசம் தின்னுட்டு ஒரேயடியா நிறுத்தக் கூடாது. உசுருக்கே ஆபத்து. டாக்டர் எனக்குத் தலையில அடிச்சுச் சொல்லியிருக்காரு."

"ஒன் நோய்க்கு உள்ள மருந்த நான் தின்னுட்டா நீ என்ன செய்வ?"

"அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க போடுங்க."

அவன் வாங்கிக்கொண்டான். வாயில் போடுவது போலக் கையைக் கொண்டுபோனான். விழுங்கவில்லை. நாலு வருஷமாகத் தன்னை மாடு மாதிரி ஓட்டிய சனியன் தொலைந்தது என்று அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். சனிக்கிழமை உடம்பு அசந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் படுத்தே கிடந்தான், வாந்தி எடுத்தான். மீன் சேரவில்லை என்றான். திங்கட்கிழமை பிரகாசி வேலை முடிந்து வந்தபோது அடுப்படித் தரையில் விழுந்து கிடந்தான். உடம்பு சில்லிட்டு வேர்த்திருந்தது.

"என்னங்க! இங்க பாருங்க! மாத்திரை போட்டியளா, இல்லியா?"

"போடல, புள்ள" என்றான். உதடு அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கேயும் வாசலில் எலும்புமானி. தள்ளுபடுக்கை உள்ளே நுழைந்ததும் பச்சை விளக்கு எரிந்தது. "ஆரோக்கிய நிலை. காத்திருப்புப் பகுதிக்குச் செல்லவும்."

"ஆளப் பாருங்கய்யா! கண்ணு சொருகுது!"

வாசலில் நின்ற பணியாளர் சங்கடத்தோடு நெளிந்தார். "பச்சை காட்டுதேம்மா. செவப்பு இருந்தாத்தான் நேரா உள்ள விட முடியும். இது வந்ததுல இருந்து அப்படித்தான் உத்தரவு."

பிரகாசி தள்ளுபடுக்கையின் கம்பியைப் பிடித்தாள். வாழ்க்கையில் பாதி நாளை ஆஸ்பத்திரிகளில் பொறுமையாகக் காத்திருந்தே கழித்தவள் அவள். அந்தப் பொறுமை மொத்தமும் அந்த நிமிஷத்தில் தீர்ந்துபோனது.

"எலும்பு! எலும்பு! எலும்பு! செத்துப் புதைச்ச பெறகும் எலும்பு நல்லாத்தாம்யா இருக்கும்! கல்லறைக்குப் போய்ப் பாருங்க, எல்லாம் பச்சையாத்தான் எரியும்! எம் மாப்பிள்ளைக்கு ரத்த அழுத்தம் எவ்வளவுனு ஒரு ஆளாவது கைய வச்சுப் பாத்தியளா?"

அவள் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து ஓர் இளம் பெண் டாக்டர் ஓடிவந்தார். செல்வினின் நாடியைப் பிடித்ததும் அவர் முகம் மாறியது. "என்ன மருந்து சாப்பிட்டார்?" என்று கேட்டார். பிரகாசி சொன்ன மறுவினாடி தள்ளுபடுக்கையை அவரே இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஊசி ஏறி, உப்புநீர் ஏறி, சாயங்காலம் செல்வின் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான். டாக்டர் பிரகாசியிடம் விளக்கினார். சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பிதான் உடம்புக்கு வேண்டிய இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கிறது. வெளியிலிருந்து தினமும் வந்தால் அது வேலையை மறந்து தூங்கிவிடும். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. ரத்த அழுத்தம் படுத்துவிடும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் அந்தச் சுரப்பியை எழுப்ப வேண்டும்.

"துறைமுகத்துல எத்தனை பேர் இதைச் சாப்பிடுறாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எல்லாரும்."



செல்வினைப் பார்க்க ரஹ்மத்துல்லா வந்தார். இப்போது அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிரகாசி அவரை விடவில்லை.

"ஐயா, எலும்பைத் தின்னாத ஸ்டீராய்டு ஒண்ணு வரப்போவுதுன்னு அன்னைக்குச் சொன்னீங்களே. கண்ணையும் கெடுக்காது, சர்க்கரையும் ஏத்தாது, நோயை மட்டும் அடக்கும்னு. அது என்ன ஆச்சு?"

"கம்பெனிக்காரங்க அந்த ஆராய்ச்சியையே மூடிட்டாங்கம்மா."

"ஏன்?"

"எலும்புதான் பெரிய புகாரா இருந்துச்சு. ஒடிஞ்ச எலும்பு கண்ணுக்குத் தெரியும், கோர்ட்டுக்குப் போகும். நம்ம நெய்வி வந்து அந்தப் புகாரைத் தீர்த்துடுச்சு. இனிமே நல்ல மருந்து எதுக்குன்னு கேட்டாங்க. நீ நிமிர்ந்து நின்ன வருஷமே அந்த ஆய்வுக்கூடத்தைப் பூட்டினாங்க."

"நீங்க பேசாம இருந்தீங்களா?"

"பேசினேன். எனக்கு விருது கொடுத்தாங்க."

பிரகாசிக்கு அவர் மேல் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. அவளுடைய முதுகை நிமிர்த்திய கை அது. ஆனால் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவளுக்கு வந்திருக்க வேண்டிய நல்ல மருந்து, அவள் குணமானதைக் காரணம் காட்டியே அவளிடமிருந்து பிடுங்கப்பட்டிருக்கிறது.

துறைமுகத் தொழிலாளர் நல ஆணையத்திடம் முறையிட்டாள். விசாரணை நடந்தது. மூன்று பேர் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். வாசலில் மாத்திரை தருவதை நிறுத்துங்கள். ஒரேயடியாக அல்ல, டாக்டர் மேற்பார்வையில் ஒவ்வொருவருக்கும் குறைத்துக் குறைத்து நிறுத்துங்கள். கண்ணைப் பாருங்கள், சர்க்கரையைப் பாருங்கள், எலும்பை மட்டும் பார்க்காதீர்கள். செல்வினும் ஊன்றுகோலோடு எழுந்து நின்று, மருந்து நின்ற பிறகு தனக்கு நேர்ந்ததைச் சொன்னான். இளம் டாக்டரும் சாட்சி சொன்னார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரொம்ப முக்கியமான விஷயத்தைச் சொல்லியிருக்கீங்கம்மா. நிச்சயமா நடவடிக்கை எடுப்போம்" என்றார்.

எடுத்தார்கள்.

செல்வின் வேலைக்குத் திரும்பிய காலையில் வாசலில் எலும்புமானிக்குப் பக்கத்தில் இன்னொரு வளைவு புதிதாக நின்றது. ஒலிபெருக்கி அறிவித்தது: "தெம்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்து என்று ஆணையத்தின் முன் நிரூபிக்கப்பட்டுள்ளது. எனவே இன்றுமுதல் எந்தத் தொழிலாளரும் ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிடக் கூடாது. விடுமுறை நாட்களில் மாத்திரை வீடு தேடி வரும். ரத்தத்தில் மருந்தின் அளவை இந்தக் குளிகைமானி கண்காணிக்கும். அளவு குறைந்தாலோ, குறைக்கத் தூண்டினாலோ தண்டனை உண்டு. தன் கணவரின் அனுபவத்தைத் துணிந்து சொன்ன நம் சக ஊழியரைக் கௌரவிக்கும் வகையில் இதற்குப் பிரகாசி விதி என்று பெயரிடப்பட்டுள்ளது."

வரிசையில் சிலர் திரும்பி அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒரு பெண் அவள் தோளைத் தட்டி, "நல்லா இருப்ப தாயி, லீவு நாளுக்கும் மாத்திரை வாங்கிக் குடுத்துட்ட" என்றாள். கேலி இல்லை. மனசாரத்தான் சொன்னாள்.

பிரகாசி முதலில் போனாள். அவளுக்கு மருந்து இல்லாமல் முடியாது. பச்சை எரிந்தது. அடுத்து செல்வின். ஒரு மாதமாக இளம் டாக்டர் அவனுக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்திருந்தார். முகவீக்கம் வடிந்திருந்தது. கட்டைவிரல் புண் வாய் மூடத் தொடங்கியிருந்தது. அவன் உள்ளே கால் வைத்ததும் புது வளைவில் சிவப்பு எரிந்தது.

"மருந்தின் அளவு ஆபத்தான வகையில் குறைவு. ஈடுகட்டும் மாத்திரைகளை உடனே உட்கொள்ளவும்."

அவன் உள்ளங்கையில் நான்கு மாத்திரைகள் உதிர்ந்தன. செல்வின் கையையும் பார்த்தான், பிரகாசியையும் பார்த்தான்.

"இப்ப என்ன செய்யட்டும், பிரகாசி?"

அவள் திரும்பி வளைவுக்குள் வந்து அவன் விரல்களை விரித்தாள். மாத்திரைகளைத் தரையில் தட்டிவிட்டு, செருப்புக் காலால் தேய்த்தாள். வெள்ளைப் பொடியாகும் வரை தேய்த்தாள். பின்னால் வரிசை உறைந்து நின்றது. கண்ணில் புரையோடு நின்ற ஒருவர் மெதுவாக நெருங்கிவந்து, "எனக்கும் அந்த டாக்டரம்மா குறைச்சுக் குடுப்பாகளா, தாயி?" என்று கேட்டார்.

"குடுப்பாங்க அண்ணாச்சி. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

தலைக்கு மேலே விளக்கு சிவந்து சிவந்து அணைந்தது. அந்தப் பெண்குரல் மாறாத கனிவோடு சொன்னது:

"எச்சரிக்கை. பிரகாசி அவர்களே, நீங்கள் பிரகாசி விதியை மீறுகிறீர்கள்."