அலமாரியில் முளைத்த நித்தியகல்யாணி

"செத்த விதையைப் பாக்கெட் போட்டு விக்கிறீங்களே... மனசாட்சி வேண்டாம்?"

மழைக்கு ஒதுங்கி நின்ற பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் மண் தட்டை விதைக்கடை மேஜையில் வைத்தாள். நித்தியகல்யாணி விதைத்து இருபது நாள்... ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை.

கடைக்காரன் நிமிர்ந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைப் பரிசோதிப்பதுதான் அவள் வேலை. எத்தனையோ கண்களைப் பார்த்தவளுக்கு, இந்த இரண்டைப் பார்த்ததும் பேச வந்ததில் பாதி மறந்துபோனது. அந்த எரிச்சல் வேறு.

"தட்டை எங்க வச்சீங்க?"

"ஜன்னல் ஓரம். நல்ல வெளிச்சத்துல."

"அதான்... இது இருட்டுலதான் முளைக்கும். மண்ணு தூவி மூடி, அலமாரிக்குள்ள வைங்க."

"செடியை அலமாரியில வளர்க்கிறதா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

"பூ வரட்டும், அப்புறம் சுத்தலாம்."

பெரியவர் சிரித்துவிட்டார். அவளுக்கு முகம் சிவந்தது. "இனிமே இந்தக் கடை வாசப்படி மிதிச்சா என்னன்னு கேளுங்க" என்று மழையிலேயே இறங்கி நடந்தாள்.

ஆனாலும் மிச்ச விதைகளைப் புதிதாக விதைத்து, சுடிதார்களை ஒதுக்கி, தட்டை அலமாரிக்குள் வைத்தாள். ஒன்பதாம் நாள் கதவைத் திறந்தால்... குட்டிக் குட்டி முளைகள், வளைந்த கழுத்தோடு! துள்ளியவளுக்கு அடுத்த நிமிஷமே உறைத்தது. அவன் சொன்னதுதான் சரி. எந்த முகத்தோடு போவது? போகாவிட்டால் அந்தக் கண்களை எப்படிப் பார்ப்பது?

மூன்று நாள் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கடைக்கு எதிர்ப்பக்கமாகவே நடந்தாள். வீட்டில் விஷயமெல்லாம் தெரிந்த அண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை.

"உன் ரோஷத்தை நீயே கட்டிக்கிட்டு அழு. அதுக்குள்ள வேற யாராச்சும் வந்து அவரைப் பார்த்துட்டுப் போகட்டும்."

சுருக்கென்றது. தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடையில் அவன் மட்டும் இருந்தான். "முளைச்சிடுச்சு" என்றாள், தரையைப் பார்த்து. "அன்னைக்குப் பேசினது தப்பு."

அவன் உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வந்தான். அதிலும் அதே முளைகள்.

"நீங்க போனதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அதே கட்டுலேர்ந்து ஒரு பாக்கெட் பிரிச்சுப் போட்டேன். தூக்கமே இல்லைங்க..."

"விதைக்காகவா?"

"முளைக்கலைன்னா ஏமாத்துக்காரன்னு வரமாட்டீங்க. முளைச்சா ரோஷத்துல வரமாட்டீங்க. எப்படிப் பார்த்தாலும் நீங்க வரப்போறதில்லைன்னு... உங்களைப் பிடிச்சிருக்கு. அதான் பயம்."

பன்னிரண்டு நாளாக நெஞ்சில் அடைத்திருந்தது அவளுக்கு அப்படியே கரைந்தது. நிமிர்ந்து அந்தக் கண்களை நிதானமாகப் பார்த்தாள்.

"ரோஷம் எனக்கு நிறையத்தான்... ஆனா உங்களைப் பார்க்காம இருக்க முடியலையே."

"அப்பாடா" என்று அவன் ஸ்டூலில் உட்கார்ந்தே விட்டான்.