உம்கொட்டியின் கடைசிப் பதிப்பு

பவளம் பேசிக்கொண்டிருந்தாள். ஆதனின் தொண்டை, ஆதனைக் கேட்காமலே, "ம்" என்றது.

இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவன் கை சோற்றைப் பிசைந்தது, வாய் மென்றது, தலை வேண்டிய இடத்தில் ஒருமுறை அசைந்தது. ஆதன் மட்டும் அங்கே இல்லை. சன்னலுக்கு வெளியே மஞ்சள் மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அவற்றின்மேல் அவன் வெறுங்காலோடு நடந்துபோய்க்கொண்டிருந்தான். மனைவி பேசும் நேரமெல்லாம் அவன் மனம் போகிற நடைதான் அது. பவளம் தண்ணீர் குடிக்கப் பேச்சை நிறுத்தினாள். தொண்டை கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்புறம்?" என்று எடுத்துக்கொடுத்தது. அவள் தொடர்ந்தாள்.

வெள்ளிக் கோளில் தரை என்பது யாரும் இறங்க முடியாத உலை. மனிதர்கள் மேலே மேகங்களுக்குள்தான் குடியிருந்தார்கள். அங்கிருக்கும் கனத்த காற்றில் நாம் மூச்சுவிடும் காற்றே லேசானது. அதனால் அதையே பெரிய பைகளில் அடைத்து, பையின் வயிற்றுக்குள் வீடு கட்டிக்கொண்டு மிதந்தார்கள். முகிலூர் அப்படி மிதக்கும் ஒரு தமிழூர். காற்று அதை ஓயாமல் கோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு போகும். ஒரு பகல் பூமிக் கணக்கில் இரண்டு நாள் நீளும். தூங்கி எழுந்து, மறுபடி தூங்கி எழுந்தாலும் அதே மத்தியானம்தான் நிற்கும். அந்த ஊரில் எல்லோர் முகத்திலும் பாதிக் கனவு ஒட்டிக்கொண்டிருந்ததில் வியப்பில்லை.

எல்லோர் காதுக்குப் பின்னாலும் ஒரு சில்லு இருந்தது. அதில் ஓடிய இயங்குதளத்துக்கு அகத்தளம் என்று பெயர். அந்தக் காலத்தில் கைபேசியில் ஏற்றிக்கொண்ட செயலிகளை இப்போது தலைக்குள் ஏற்றிக்கொண்டார்கள். கால்கள் தாமாகவே வேலைக்கு நடக்க ஒரு செயலி, பிடிக்காத விருந்தாளியைக் கண்டால் முகம் மலர ஒரு செயலி. முகிலூரில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தது ஆதன் எழுதிய உம்கொட்டி.

அதன் வேலை அதன் பெயரிலேயே இருக்கிறது. முகிலூர்க்காரர்களுக்கு எதிராளி ம் கொட்டாவிட்டால் பேச்சு ஓடாது. இரண்டு வாக்கியம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதும், "கேக்குறியா?" என்று வந்துவிடும். பக்கத்தில் மிதக்கும் பிற மொழி ஊர்க்காரர்களுக்கு இது விளங்கவே விளங்காது. உம்கொட்டி பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து, உடையவரின் தொண்டையைக் கொண்டே ம் கொட்டும். கதைக்கு ஒரு ம், குறைக்கு ஒரு ம், ஆச்சரியத்துக்கு இழுத்து ஒரு ம். மனிதத்தனமாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றின் வாலிலும் ஆதன் ஒரு சின்னப் பெருமூச்சைச் செருகியிருந்தான். ம்ஹூம் மட்டும் அதற்குத் தெரியாது. மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள், உடையவர் மாட்டிக்கொள்வார். அதனால் அதை அவன் சொல்லித்தரவே இல்லை.

இப்போது அகத்தளத்தின் புதிய பதிப்பு வரவிருந்தது. எங்கோ ஒரு மிதவூரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவருடைய செயலி அவர் குரலிலேயே பேசி ஒரு கல்யாணத்தை நிச்சயம் செய்துவிட்டதாம். அதிலிருந்து அகத்தளத்தை நடத்தும் நடுவம் உஷாராகிவிட்டது. இனி உடையவரின் கவனம் பேச்சில் இருந்தால்தான் எந்தச் செயலியும் தொண்டையைத் தொடலாம் என்று விதி வந்தது. வருகிற அந்தியில் பதிப்பு மாறும். அதற்குள் இணங்காத செயலிகள் தாமாகவே அணைந்துவிடும் என்று அறிவிப்பு சொன்னது.

ஊர்த்தலைவர் தில்லைநாயகம் நேரிலேயே வந்துவிட்டார்.

"தம்பி, எப்பாடு பட்டாவது சரி பண்ணிருங்க. இல்லன்னா ஊர்க்கூட்டத்துல நான் நெசமாவே உக்காந்து கேக்கணுமே."

"பாக்குறேன்யா. கவனம் இருக்கற மாதிரி அதை ஏமாத்த முடியுதான்னு பாக்குறேன்."

"செய்ங்க, செய்ங்க. முப்பது பேரு பேசுவாங்க தம்பி," என்றார் அவர். அவர் கண்ணில் உண்மையான பயம் இருந்தது.

ஆதன் புதிய தளத்தின் சோதனைப் பதிப்பைத் தன் சில்லில் ஏற்றிக்கொண்டான். கவனத்துக்குப் பதிலாகப் பழைய கவனத்தின் பதிவைக் காட்டிப் பார்த்தான். பாட்டில் லயித்திருக்கும் மனதைப் பேச்சில் லயித்ததாகக் காட்டிப் பார்த்தான். புதிய தளம் எதற்கும் மசியவில்லை. கடைசியில், உண்மையாகவே கவனித்தால் தளம் என்ன அளக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று, பவளம் பேசும்போது காதைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். வேலைக்காகத்தான்.

பவளம் பைகளின் தோலுக்கு ஒட்டுப் போடுபவள். அமில மழை அரித்த இடங்களைத் தேடிப்பிடித்து அடைப்பது அவள் வேலை. அன்று ஏழாம் பையைப் பற்றிச் சொன்னாள். எத்தனை ஒட்டுப் போட்டாலும் வேறொரு மூலையில் மூச்சுவிடும் அந்தப் பைக்கு அவள் சீமாட்டி என்று பேர் வைத்திருந்தாள். சீமாட்டி நேற்று மறுபடி கோபித்துக்கொண்டாளாம். தைப்பதற்கு முன்பு பவளம் அதனிடம் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் ஊசியை எடுப்பாளாம். தோலுக்கு அப்பால் மேகம் உரசிப்போகும் சத்தம், யாரோ பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நடப்பதுபோல் கேட்குமாம்.

ஆதன் சாப்பிட மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று வருடமாக அவன் மேகத்தின்மேல் நடக்கக் கிளம்பியதெல்லாம் இந்தக் குரலிடமிருந்து தப்பித்தா? அந்தக் குரலுக்குள் அவன் கண்டதைவிட நல்ல மேகங்கள் இருந்தன. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"எல்லாம் இந்த அந்தியோட சரி," என்றாள் பவளம். "வடமுகில்ல எப்படிப்பட்ட பைங்களோ."

"ம்?" என்றான் ஆதன். அவனே சொன்னது அது.

"அதான், நான் போன பிறகு சீமாட்டியை யாரு பாத்துக்குவாங்கன்னு கவலையா இருக்கு. திரும்பி வர ரெண்டு வருஷம் ஆயிருமே."

வடமுகில் துருவத்தில் மிதக்கும் ஊர். இவள் எதற்குப் போகிறாள்? எப்போது முடிவானது? வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அவன் சுற்றி வளைத்தான்.

"போய்த்தான் ஆகணுமா?"

பவளம் அவனை விநோதமாகப் பார்த்தாள். "என்னங்க இப்ப கேக்குறீங்க? அங்க ஒட்டுப் போடச் சொல்லிக்குடுக்க ஆள் வேணும்னு கூப்பிட்டாங்க, போகட்டுமான்னு கேட்டேன். ம்-ன்னீங்க. நீங்களும் வரீங்களான்னு கேட்டேன். அதுக்கும் ம்-ன்னீங்க, ஆனா மூட்டை கட்டுற வழியக் காணோம். சரி, நான் மட்டும் போறேன், உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையேன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"அதுக்கும் ம்," என்றாள் பவளம். எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அந்தி மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. முகிலூரின் அந்தி அவசரப்படாது. மஞ்சள் ஆரஞ்சாகக் கனிய ஒரு தூக்கம் பிடிக்கும், ஆரஞ்சு செம்பாக மாற இன்னொரு தூக்கம். அந்த வெளிச்சம் முழுக்க அவன் செயலியைத் தொடவில்லை. கண்டுபிடிப்பதற்கும் ஒன்றுமில்லை. உண்மையாகக் கேட்டால்தான் உம்கொட்டி இயங்கும். உண்மையாகக் கேட்பவனுக்கு உம்கொட்டி எதற்கு? அந்தியோடு செயலி நின்றுபோகும் என்று ஊருக்கு அறிவித்துவிட்டு, அவன் பவளத்திடம் போனான். வடமுகிலுக்குப் போகும் மேகப்படகு பதிப்பு மாறிய கையோடு புறப்படும். அதற்குள் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆதன் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். உம்கொட்டி எப்படி வேலை செய்கிறது என்பதில் தொடங்கி, அது ம்ஹூம் சொல்லாத காரணம், மூன்று வருடமாகத் தான் அவள் பேச்சைக் கேட்கவே இல்லை என்பது, கேட்டபிறகு அவளை விட்டு இருக்க முடியாது என்று தோன்றுவது வரை. சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அவள் சேலை ஒன்றின் ஓரத்தை நீவியபடியே, "ம்" என்றாள்.

அதன் வாலில் ஒரு சின்னப் பெருமூச்சு இருந்தது.

ஆதன் நிமிர்ந்து பார்த்தான். தான் செருகிய பெருமூச்சு தனக்குத் தெரியாதா? அவனும்தான் வீட்டில் பேசுபவன். சாப்பாட்டுக்குப் பிறகு செயலி, தளம், விதி என்று அவன் பேசியதையெல்லாம் யார் கேட்பார்கள்?

"பவளம், நீயும் போட்டிருக்கியா?"

"ம்," என்றது அவள் தொண்டை, வெகு பரிவாக.

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பரவாயில்லை, அந்தி வரட்டும் என்று இருந்தான். பதிப்பு மாறினால் அவள் தொண்டை அவளுக்கே திரும்பிவிடும். அப்புறம் அவள் சொல்லும் ம், அவள் சொல்வதாகத்தானே இருக்கும்?

அந்தி வந்தது. காதுக்குப் பின்னால் லேசாக ஒரு குறுகுறுப்பு. புதிய அகத்தளம் ஏறிக்கொண்டது. ஊர் முழுக்க உம்கொட்டி அணைந்தது. இனித் தெருவெல்லாம் "கேக்குறியா? கேக்குறியா?" என்ற சண்டைதான் கேட்கும் என்று ஆதன் சன்னலைத் திறந்தான். ஒரு சண்டையும் இல்லை. ஊதா வெளிச்சத்தில் ஊர் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் ம். மாடிப்படியில் ம். ஊர்க்கூட்டம் நடக்கும் மண்டபத்திலிருந்து, தில்லைநாயகத்தின் கனத்த குரலில், சீராக ம். எந்தப் புகாரும் வரவில்லை. ஒருநாளில் ஒரு ஊரே காதைத் திறந்துகொண்டதே என்று அவன் மனம் நெகிழ்ந்துபோனான்.

திரும்பிவந்து பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ போக வேண்டாம். எனக்கு வருத்தம் இருக்கு. ரொம்ப இருக்கு. என்கூடவே இரு."

பவளம் வெளியே பைத்தோலில் வழியும் ஊதா நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். வாலில் பெருமூச்சு இல்லை. சுத்தமான ம்.

ஆதன் சந்தோஷத்தில் மிதந்தான். அவளுக்குப் பிடித்தபடி ஏலக்காய் போட்டுக் காபி கலக்கிக் கொண்டுவந்தபோது அறையில் யாரும் இல்லை. மூட்டையும் இல்லை.

படகுத்துறைக்கு அவன் ஓடியபோது கால்களைத் தானே நடத்தினான். மேகப்படகு ஒரு கயிற்றில் அசைந்துகொண்டிருந்தது. துறைக்காரன் முடிச்சைத் தளர்த்திக்கொண்டிருந்தான். பவளம் ஏணியின் கீழே நின்றாள்.

"வழியனுப்ப வந்தீங்களா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"போகாதன்னு சொன்னேனே. நீயும் ம்-ன்னியே."

"எப்ப?"

"இப்பத்தான். உன் கையப் பிடிச்சுக்கிட்டு."

பவளம் யோசித்தாள். "ஏதோ பேசுனீங்க. நான் சீமாட்டிய நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அப்போதுதான் ஆதனுக்கு உறைத்தது. எதிர்வீட்டு ம், மாடிப்படி ம், மண்டபத்து ம், எல்லாம் உறைத்தது. கேட்காமல் ம் கொட்ட இந்த ஊருக்கு அவன் ஒரு செயலியைச் செய்துகொடுத்திருந்தான். பூமியிலிருந்து வந்தபோதே அவர்கள் அந்த வித்தையைத் தொண்டையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள், எல்லாத் தளத்துக்கும் இணங்கும்படி.

"மறுபடி சொல்லுங்க," என்றாள் பவளம். மூட்டையைக் கீழே வைத்தாள். "இப்ப சொல்லுங்க."

அவன் சொல்லத் தொடங்கினான். அவள் முகத்தைத் தூக்கி, உதடு அசையாமல், அவன் கண்ணையே பார்த்தபடி நின்றாள். இரண்டு வாக்கியம் போயிற்று. மூன்றாவது அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"கேக்குறியா?" என்றான்.

"கேட்டுக்கிட்டுத்தான நிக்குறேன்."

"அப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறியே."

"கேக்கையில எப்படிங்க சொல்றது?"

இவ்வளவு கவனத்தை அவன் பிறந்ததிலிருந்து யாரும் அவன்மேல் வைத்ததில்லை. அதன் முன்னால் ஒரு சொல்லும் வரவில்லை. "சும்மா ஒரே ஒரு ம் சொல்லேன் பவளம். அப்பத்தான் எனக்கு வரும்," என்று கெஞ்சினான். அவள் சொல்லவில்லை. முழுவதுமாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

துறைக்காரன் குனிந்து, படகிலிருந்து அவிழ்த்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு இவர்கள் யாரென்றும் தெரியாது, என்ன பேச்சு என்றும் தெரியாது. பக்கத்தில் ஒரு பேச்சு நின்றுபோனதை மட்டும் அவன் காது எப்படியோ உணர்ந்திருக்க வேண்டும். தலையை நிமிர்த்தாமலே, "ம்... அப்புறம்?" என்றான்.

ஆதனுக்குப் பேச்சு வந்தது. வெள்ளமாக வந்தது. துறைக்காரன் சுருட்டுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ம் விழ விழ, மனதில் இருந்த அத்தனையையும் அவன் பவளத்திடம் சொல்லித் தீர்த்தான். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது மேகப்படகு அவளை விட்டுவிட்டு எப்போதோ போயிருந்தது.