அழித்த பேச்சு

கிரிவலப் பாதையோரம் மணியம்மாள் வெள்ளரிப்பிஞ்சை நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவியபடி, வெயிலைப் பற்றியும் போலீஸ்காரர்கள் கடையைத் தள்ளிப் போடச் சொன்னதைப் பற்றியும் அலுத்துக்கொண்டிருந்தவள், நடுவில் ஒரு வாக்கியம் சொன்னாள்.

“பின்கதவ தாப்பா போடாம வெக்கிறேன், நீ வந்துரும்மா.”

பிஞ்சை வாங்க நீண்ட தசரதனின் கை அப்படியே நின்றது.

“இன்னா சொன்ன?”

“வெயில் ஜாஸ்தினு சொன்னேன், பெரியவரே. மாசியிலயே இப்படினா சித்திரப் பௌர்ணமிக்கு ஜனம் எப்படி நடக்கும்?”

அவள் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. அடுத்த பிஞ்சை எடுத்து ஈரத்துணியால் துடைத்தாள். ஆனால் அந்த வாக்கியம் அவருடையது. அன்று காலை வேர்க்கடலைக் கொல்லையில், மோட்டார் கொட்டகைக்குள் நின்று, எவர் காதிலும் விழக்கூடாது என்று மோட்டாரை ஓடவிட்டு, போனை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு மகளுக்குப் பேசி அனுப்பியது. சொற்கள் மட்டும் என்றால் தற்செயல் என்று தள்ளியிருப்பார். அவள் அதைச் சொன்னபோது சொற்களுக்கு அடியில், அவள் தொண்டைக்குள்ளிருந்தே, மோட்டாரின் சீரான இரைச்சலும் சேர்ந்து வந்தது. அதைத்தான் தள்ள முடியவில்லை.

அவர் காசைக் கொடுத்துவிட்டு நடந்தார். முதுகு நிமிர்ந்தே இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்த நாளிலிருந்து அடி அண்ணாமலையில் அந்த முதுகு வளைந்து எவரும் பார்த்ததில்லை.

வீட்டுப் பேச்சு வாசலைத் தாண்டக்கூடாது என்பது அவர் வளர்ந்த சட்டம். மகள் கீதாஞ்சலியை ஆரணியில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை பிரகாஷ் படித்தவன், அடக்கமாகப் பேசுகிறவன், மாமனாரைக் கண்டால் எழுந்து நிற்கிறவன். அவன் ஒவ்வொரு ராத்திரியும் மனைவியின் போனை வாங்கி, வந்ததையும் போனதையும் ஒரு வரி விடாமல் படிக்கிறான் என்பதும், படித்து முடித்த பிறகு கை நீட்டுகிறான் என்பதும் பொங்கலுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவும் அவள் அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்த இன்னொரு சின்ன போனிலிருந்து பேசி அனுப்பியபோது. நேரில் பேசிப் பழகாத அப்பாவும் மகளும் அன்று முதல் குரல்பதிவுகளாகவே பேசிக்கொண்டார்கள். இருவரும் கேட்டதும் அழித்துவிட வேண்டும் என்பது அவள் வைத்த ஒரே நிபந்தனை. அவரும் வாக்குத் தவறாமல் அழித்துவந்தார். வாய் சும்மா இராது என்று மனைவி பாஞ்சாலையிடம்கூடச் சொல்லவில்லை.

இன்றைக்கு அவள் வருகிறாள். பௌர்ணமிக் கூட்டத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பில்லாமல், கிரிவலம் போகிற லட்சம் பேரில் ஒருத்தியாக நடந்து, பின்சந்து வழியே வீடு சேர்வாள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணைத் தேடிப் பிடிக்க எவனாலும் முடியாது. வந்து சேர்ந்துவிட்டால் போதும். பிறகு அவளை எவன் தொடுவான் என்று அவர் பார்த்துக்கொள்வார்.

வீட்டு முன்கட்டில் பாஞ்சாலை பெரிய அண்டாவில் நீர்மோர் கலக்கிக்கொண்டிருந்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடக்கிறவர்களுக்கு மோர் ஊற்றுவது அந்த வீட்டு வேண்டுதல். கூட்டம் ஓயும்வரை வாசற்கதவைச் சாத்துவதில்லை. இஞ்சியும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் கலந்த வாசனை, வெளியே எரியும் கற்பூரப் புகையோடு சேர்ந்து கூடம் முழுக்கத் தங்கியிருந்தது.

“ஒரு வெள்ளரிப்பிஞ்சு வாங்க மலையச் சுத்திட்டு வந்தீங்களா? பெரிய மனுஷன் நடந்தா அப்படித்தான், பத்து பேர் கும்புட்டாதான் கால் நகரும்” என்றாள் பாஞ்சாலை, திரும்பாமலே.

“வாயக் கொறச்சிக்கோ.”

“வாயக் கொறச்சா இந்த வூட்டுல சத்தமே இருக்காது.” கரண்டியைச் சுழற்றினாள். மோர் அலைந்தது. “அவரு தூங்கினப்புறம்தான்பா அரிசி டின்ன தொறப்பேன். கை நடுங்குது. தப்பா எதனா அழுத்திட்டா சொல்லுங்க.”

அது கீதாஞ்சலியின் குரல். மூக்கை உறிஞ்சிக்கொள்ளும் சத்தத்தோடு, பின்னால் எங்கோ ஓடும் மின்விசிறியின் கிறீச்சோடு, ஐம்பத்தைந்து வயதுப் பாஞ்சாலையின் வாயிலிருந்து வந்தது.

“உப்பு போதுமானு பாருங்க” என்று கரண்டியை நீட்டினாள். அது அவளுடைய குரல்.

அவர் மோரை வாயில் விட்டுக்கொண்டார். சுவை தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு, போனைத் திறந்தார். மேலே எப்போதும் இருக்கும் அந்த வரி இப்போதும் இருந்தது. இந்த உரையாடலை உங்கள் இருவரைத் தவிர வேறு எவராலும், எங்களாலும்கூட, படிக்கவோ கேட்கவோ முடியாது. அச்சில் இருப்பதை நம்புகிறவர் அவர். அரசாங்க முத்திரைக்குக் கொடுக்கிற மரியாதையை அந்த வரிக்கும் கொடுத்திருந்தார்.

கீழே, நேற்றிரவு அவள் அனுப்பியதில் ஒன்று, அவசரத்தில் அழிக்க மறந்தது, மீந்திருந்தது. அதை அழுத்திப் பிடித்து அழித்தார்.

ஜன்னலுக்கு வெளியே, ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெண் பாஞ்சாலையிடம் தெலுங்கில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி வார்த்தையில் நிறுத்தினாள். பிறகு, தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்தப் பெண், அவர் அப்போதுதான் அழித்ததைக் கீதாஞ்சலியின் குரலில் திருத்தமாகச் சொன்னாள்.

“நீலப் பொடவ கட்டிக்கினு வரேன்பா. சாயங்காலம் கூட்டத்தோட வந்துடறேன்.”

அவர் பதறினார். பதற்றத்தில் மனிதன் தெரிந்த வேலையையே திரும்பச் செய்கிறான். இருக்கிற தடயமெல்லாம் ஒழியட்டும் என்று அந்த உரையாடலையே மொத்தமாக அழித்தார். திரை வெறுமையாயிற்று.

வீதி பேச ஆரம்பித்தது.

முதலில் தூறல்போல. அங்கொரு வாய், இங்கொரு வாய். ‘அருணாசலா’ என்று முழங்கிக்கொண்டு போனவர்கள் முழக்கத்தின் நடுவே மகளின் விம்மலைச் சொன்னார்கள். கைக்குழந்தையைத் தோளில் போட்ட ஒருவன் தசரதனின் கனத்த குரலில், ‘பயப்படாத, அப்பா இருக்கேன்’ என்று மோட்டார் இரைச்சலோடு சொல்லிவிட்டுக் குழந்தைக்குப் பலூன் வாங்கினான். கல்லூரிப் பெண்கள், கட்டுக்குடுமி வைத்த சாமியார், ஐஸ் விற்கிறவன். ஒருவருக்கும் தான் சொன்னது தெரியவில்லை. பக்கத்தில் நடந்தவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. அவருக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தார். அப்படியே இருக்கட்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அழித்தது எதுவும் அழியவில்லை. வாய் தேடிப் போயிருக்கிறது. அவ்வளவுதான் அவருக்கு விளங்கியது.

பொழுது சாய்ந்தது. மலையின் முகத்தில் கடைசி வெயில் சிவந்தது. போன் அதிர்ந்தது. பிரகாஷ்.

“மாமா, கீதா அங்க வந்தாளா?”

“இல்லீங்க மாப்பிள்ள.”

“வருவா மாமா. நீலப் பொடவையாம்.” சிரித்தான். எப்போதும்போல அடக்கமான சிரிப்பு. “ஜனங்களே வழி சொல்றாங்க. இப்பதான் ஒரு கெழவி உங்க குரல்ல பேசிட்டுப் போச்சு. பின்கதவாமே?”

அவனுக்கும் கேட்கிறது.

தசரதன் பின்கட்டுக்கு ஓடினார். கடைசியாக எப்போது ஓடினோம் என்று நினைவில்லாத வயதில் ஓடினார். தாழ்ப்பாள் போடாத கதவு தானாகத் திறந்தது. நீலப் புடவை. முக்காடு. பாதமெல்லாம் புழுதி.

“அப்பா.” சொந்தக் குரல். உலர்ந்த குரல். “வழியெல்லாம் என் கொரல் எனக்கு முன்னாடியே போச்சுப்பா. நான் பேசினதெல்லாம் யார் யாரோ பேசிக்கினு போனாங்க. காதப் பொத்திக்கினு வந்தேன்.”

பாஞ்சாலை கரண்டியோடு வந்து நின்றாள். மகளின் கழுத்தில் இருந்த தடத்தைப் பார்த்தாள். மகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, சொன்னாள்: “வாசக்கதவ சாத்துங்க.”

“பௌர்ணமியில சாத்தினதில்ல.”

“இன்னிக்கு சாத்துங்க.”

“இவனுக்குப் பயந்தா? நம்ம வூட்டுக் கதவயா?”

அவர் முன்கட்டுக்குப் போனார். அண்டாவை ஓரமாகத் தள்ளினார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திறந்த வாசலின் நடுவில் நின்றார்.

பிரகாஷ் படியேறாமல் நின்றான். வெள்ளைச் சட்டை. நெற்றியில் விபூதி. அவனும் செருப்பு போட்டிருக்கவில்லை.

“அவள அனுப்புங்க மாமா. வூட்டு விஷயம் வூட்டோட போவட்டும். ஊரு முழுக்கப் பேசுது, பாத்தீங்க இல்ல? எனக்கு ஒண்ணும் இல்ல. ஆம்பள. உங்க மானம்தான் போவும்.”

கல்யாணமான நாளிலிருந்து ‘வாங்க, போங்க’ என்றே அவனை அழைத்த நாக்கு திரும்பியது.

“என் மானம் உன் சட்டப் பாக்கெட்டுல இல்லடா. போடா.”

பிரகாஷ் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஒன்று நடந்தது.

கூட்டம் நின்றது.

கிரிவலம் நிற்காது. மழையில் நின்றதில்லை. இருட்டில் நின்றதில்லை. நின்றது. லட்சம் வெறும் பாதங்கள். தார்ச்சாலையில் உராயும் சத்தம் ஓய்ந்தது. பலூன் விற்பவனின் ஊதல் ஓய்ந்தது. கற்பூரப் புகை மட்டும் நகர்ந்தது. மலைக்கு மேலே நிலா ஏறியிருந்தது.

எல்லாரும் வீட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். மணியம்மாள். ஆந்திராப் பெண். சாமியார். குழந்தையைத் தோளில் போட்டவன். குழந்தையும்.

மூச்சு இழுத்தார்கள். அத்தனை பேரும். ஒரே மூச்சு.

“அப்பா.” கீதாஞ்சலி அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். “ஒண்ணே ஒண்ணு. பேசிட்டு, உங்களுக்கு அனுப்பாமயே அழிச்சிட்டேன். யாருக்கும் அனுப்பல. வழியில யாரும் சொல்லாதது அது ஒண்ணுதான், அதத்தான் சொல்லப் போறாங்க.”

“அவன் பண்ணதா?”

“ஆமா.”

“நீ பண்ண தப்பு எதனா அதுல இருக்குதா?”

“இல்லப்பா.”

“அப்ப தலைய நிமுத்து.” அவர் திரும்பவில்லை. கையைப் பின்னால் நீட்டினார். சில்லிட்ட விரல்கள் வந்து பற்றின. “குனிய வேண்டியவன் வெளியில நிக்கிறான். சொல்லட்டும்.”

வாய்கள் திறந்தன. ஒரே அளவில். பாதையின் வளைவுவரை, வளைவுக்கு அப்பாலும், நிலா வெளிச்சத்தில் கருப்பாக, வரிசையாக.

முதல் சொல் அவர்களிடமிருந்து வரவில்லை.

மிக அருகிலிருந்து வந்தது. படிக்குக் கீழிருந்து. பிரகாஷின் கண்கள் பிதுங்கின. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். ஒருவன் தன் வாயை அப்படி அழுத்திப் பொத்தி தசரதன் பார்த்ததில்லை. நகம் கன்னத்தில் இறங்கியது. ரத்தம் மணிக்கட்டு வழியே வெள்ளைச் சட்டைக்குள் ஓடியது.

விரல் இடுக்குகளின் வழியே, தெளிவாக, அவசரமில்லாமல், கீதாஞ்சலியின் குரல் வந்தது.

“அப்பா, அன்னிக்கு மாடியில இன்னா நடந்ததுனா…”

லட்சம் வாய்கள் அதை வாங்கிக்கொண்டன.